வெள்ளம் வந்தா சப்ளை நிக்காம இருக்க பிளான் கேக்குறாங்க, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

பட்டறைக்காரன்:
வணக்கம் எல்லாருக்கும். திருமுடிவாக்கம் சிட்கோல சின்ன மெஷினிங் யூனிட், விஎம்சி, சிஎன்சி லேத்னு கம்ப்யூட்டர் கன்ட்ரோல்ல ஓடுற மெஷின் எல்லாம் இருக்கு, முழுக்க ஆட்டோ பார்ட்ஸ் ஜாப் ஒர்க் தான், கஸ்டமர் மெட்டீரியல் குடுப்பாங்க, நாங்க பார்ட் பண்ணி குடுப்போம். கஸ்டமர் ஆடிட்டுக்கு வந்தவங்க ஐஏடிஎஃப் 16949-ல (வண்டி பார்ட்ஸ் பண்றவங்களுக்கான தர விதி) 6.1.2.3 படி கன்டிஜென்சி பிளான், அதாவது அவசர நேரத்துக்கான பிளான் வேணும், அத அப்பப்போ டெஸ்ட் பண்ணி, வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரிவ்யூ பண்ணிருக்கணும்னு எழுதிட்டு போயிட்டாங்க. கன்சல்டன்ட் ஒருத்தர் தடியா ஒரு ஃபைல் அனுப்பினாரு, அதுல பூகம்பம், பனிப்புயல் எல்லாம் இருக்கு, செம்பரம்பாக்கம் ஏரிய பத்தி ஒரு வரி இல்ல 😀 2015-லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் இந்த ஏரியா என்ன பாடுபட்டுச்சுன்னு தெரியும்ல. பேப்பர் நான் எப்படியாவது ரெடி பண்ணிக்குறேன், நிஜமா மழைக்கு முன்னாடி என்ன பண்ணி வைக்கணும்? பெரிய பட்ஜெட் கிடையாது.

ஸ்பிண்டில்:
நான் மெஷின் சர்வீஸ் பாக்குறவன், அதனால மெஷின்லேர்ந்தே சொல்றேன் பாஸ். தண்ணி வந்தா இரும்பு பாடிக்கு ஒண்ணும் ஆகாது, தொடச்சி எண்ணெய் போட்டா தேறிடும், போறது சர்வோ டிரைவ் (மோட்டார ஓட்டுற எலக்ட்ரானிக் யூனிட்), மோட்டார், என்கோடர் (பொசிஷன் அளக்குற சென்சார்), இதுக்கெல்லாம் வெயிட்டிங் டைம் இருக்கே அதுதான் உங்கள படுக்க வைக்கும், ஏன்னா வெள்ளத்துக்கு அப்புறம் ஊர்ல எல்லா யூனிட்டும் ஒரே நேரத்துல அதே ஸ்பேர கேப்பாங்க. அதனால இப்பவே எல்லா மெஷினோட பாராமீட்டர் (மெஷின் செட்டிங்), புரோகிராம், ஆஃப்செட் (டூல் அளவு திருத்தம்) எல்லாத்தையும் மெமரி கார்டுல எடுத்து வீட்டுல ஒரு காப்பி வைங்க. இன்னொண்ணு யாரும் யோசிக்க மாட்டாங்க, தண்ணியே வராட்டியும் கரண்ட் பல நாள் இல்லாம போனா பேட்டரி வீக்கா இருக்கற கன்ட்ரோலர்ல மெமரி அழிஞ்சிடும், என்கோடர் பேட்டரி போனா ஹோம் பொசிஷன், அதாவது மெஷின் அளக்க ஆரம்பிக்கிற இடம், போயிடும். மழைக்கு முன்னாடியே புதுசு போட்டுடுங்க, ஆனா கன்ட்ரோல் ஆன்ல இருக்கும்போது தான் மாத்தணும்.

தண்ணி உள்ள வந்துட்டா, வடிஞ்ச உடனே ஓடுதான்னு பாக்கலாம்னு மெயின் போடாதீங்க, பாதி டிரைவ் செத்தது வெள்ளத்துல இல்ல, இப்படித்தான். மோட்டார கழட்டி காய வச்சி மெக்கர் (இன்சுலேஷன் டெஸ்ட் பண்ற ஹை வோல்டேஜ் மீட்டர்) பாத்துட்டு அப்புறம் போடுங்க, டிரைவோட சேத்து மெக்கர் அடிச்சா டிரைவும் போயிடும், அது வேற செலவு. ஜென்செட் (ஜெனரேட்டர்) எங்க இருக்கு? தரையிலனா முதல்ல மேடை கட்டுங்க.

கிளைம்காரர்:
ஸ்பிண்டில் சொன்னது கரெக்ட், பாலிசி பத்தி நான் சொல்றேன். ஒரு இடத்துல மொத்த சொத்து மதிப்பு 5 கோடி வரைக்கும்னா பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷாங்கற சின்ன தொழிலுக்கான பாலிசி வரும், வெள்ளம் அதுல கவர் ஆகும். சிக்கல் எங்கன்னா பேங்க் லோனுக்காக எடுத்த பாலிசில தொகைய கம்மியா போட்டு வச்சிருப்பாங்க. 40 லட்ச ரூபா மெஷின 20 லட்சத்துக்கு போட்டிருந்தா 10 லட்சம் நஷ்டத்துக்கு சுமார் 5 தான் வரும், இந்த பாலிசில 15 சதவீதம் வரைக்கும் கம்மியா இருந்தா கண்டுக்க மாட்டாங்க, அதுக்கு மேல வெட்டுவாங்க. ஜாப் ஒர்க்னா கஸ்டமர் மெட்டீரியல் உங்க ஷெட்ல கிடக்கும்ல, அது உங்க ஸ்டாக் இல்ல, தனியா பாலிசில சொல்லிருக்கணும். ஷெட் மூடி கிடந்த நாளுக்கு வருமான நஷ்டமும் இதுல வராது, அதுக்கு வேற கவர். தண்ணி நிக்கும்போதே செவுத்துல மட்டம் தெரியற மாதிரி போட்டோ எடுங்க, சர்வேயர் வர்றதுக்குள்ள எதையும் ஸ்கிராப்புக்கு போடாதீங்க.

கொரட்டூர்வாசி:
ரெண்டு பேரும் மெஷினையே சொல்றீங்க, என் கணக்குல மெஷின காப்பாத்துறது ரெண்டாவது தான். மிக்ஜாம்ல அம்பத்தூர் எஸ்டேட்லயும் தண்ணி நின்னுச்சு, கஸ்டமர் ஒரே ஒரு கேள்வி தான் கேட்டான், பார்ட் எப்ப வரும்னு. அக்டோபர்லயே கஸ்டமர்கிட்ட பேசி அவங்க குடோன்லயோ ஒரகடம் பக்கம் மேடான எடத்துலயோ கொஞ்சம் ஃபினிஷ்டு ஸ்டாக் போட்டு வைங்க, பணம் முடங்கும்தான், இருந்தாலும் ஆர்டர் கைவிட்டு போறதுக்கு இது சீப். அதே கன்ட்ரோலர் இருக்கற யூனிட் ஒண்ண வேற ஏரியால பாத்து ஒத்தாசைக்கு ஒத்தாசைன்னு பேசி வைங்க, கிண்டி வேணாம், அங்கயும் நமக்கு முழுகும்போதே முழுகும். முக்கியமா அந்த யூனிட்ட கஸ்டமர் முன்னாடியே அப்ரூவ் பண்ணிருக்கணும், அப்ரூவல் இல்லாம வேற எடத்துல ஓட்டி அனுப்பினா ரிஜெக்ட் பண்ணிடுவான். ஃபிக்ஸர் (பார்ட்ட புடிச்சி வைக்கறது), கேஜ் (அளவு பாக்குறது) எல்லாம் ஒரு செட் அங்க இருந்தா இன்னும் நல்லது.

அப்புறம் பசங்க எங்க தங்கியிருக்காங்க? வடநாட்டு பசங்களுக்கு கிரவுண்ட் ஃபுளோர்ல ரூம் எடுத்து குடுத்துட்டு ஜென்செட்ட மட்டும் மேல தூக்குறவங்கள நிறைய பாத்திருக்கேன்.

பட்டறைக்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், பசங்க ரூம் கிரவுண்ட் ஃபுளோர் தான், நாளைக்கே வேற பாக்குறேன். ஒரு டவுட், ஆடிட்டர் கேட்ட டெஸ்ட் எப்படி காட்டுறது? வெள்ளத்த வரவழைக்கவா முடியும்?

கொரட்டூர்வாசி:
ஒரு ஞாயித்துக்கெழமை நீங்க போன ஆஃப் பண்ணிட்டு வீட்டுல இருங்க. சூப்பர்வைசர் ஒரு பார்ட்டோட புரோகிராமையும் ஃபிக்ஸரையும் எடுத்துட்டு போயி அந்த இன்னொரு யூனிட்ல ஓட்டி அளவு காட்டட்டும், ஆபீஸ்ல இருக்கறவங்க டாலி (கணக்கு சாஃப்ட்வேர்) பேக்கப்ப வேற லேப்டாப்ல தொறந்து சம்பள ஷீட் எடுக்கட்டும். எந்த எடத்துல தடைபட்டு நின்னாங்கன்னு எழுதி கையெழுத்து போட்டு ஃபைல் பண்ணுங்க, அதான் ரெக்கார்டு. பேங்க் ஓடிபி உங்க ஒரு நம்பருக்கு மட்டும் வருதுன்னா அங்கயே எல்லாரும் நிப்பாங்க பாருங்க, மொதல்ல அத மாத்துங்க.