வேலையோடு பகுதிநேர எம்பிஏ: ஒரு பருவத்தில் எத்தனை பாடம், எங்கே இடறும்?

இரவுப்பறவை (கேள்வி)

முழுநேர வேலை. சேரப்போவது ஐரோப்பிய கிரெடிட் முறையில் நடக்கும் பகுதிநேர எம்பிஏ. படித்தது பொறியியல், பற்று வரவு எதுவும் தெரியாது. பருவத்துக்கு ஒரு பாடம் எடுப்பதா, இரண்டா? நிதிப் பாடத்துக்கு முன்கூட்டியே என்ன படித்து வைக்கலாம்? கட்டணத்தை நிறுவனமே கட்டுவதாகச் சொல்கிறது. கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? "மனமிருந்தால் மார்க்கமுண்டு" வகைப் பதில் மட்டும் வேண்டாம்.

தாழ்வாரம்

முதலில் மணிக்கணக்கு. அந்த முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட், தேர்வு எல்லாம் அதில் அடக்கம். 6 கிரெடிட் பாடம் என்றால் 150 முதல் 180 மணி. 12 வாரப் பருவத்தில் வாரத்துக்கு 12½ முதல் 15 மணி. வேலை நாளில் மூன்று முறை ஒன்றரை மணி, சனிக்கிழமை 5, ஞாயிறு 3 என்று வைத்தால் 12½ வந்துவிடும். வாரத்தில் ஒரு மாலையை வேண்டுமென்றே காலியாக விடுங்கள். அலுவலகம் விழுங்கிய நேரத்தை ஈடுகட்ட வேறு இடம் கிடையாது.

இரண்டு பாடம் என்றால் வாரம் 25 மணிக்கு மேல். முழுநேர வேலையோடு அது ஓடாது. ஆனால் ஒவ்வொன்றாக எடுப்பதிலும் ஒரு பொறி உண்டு. 12 பாடங்களும் ஒரு ஆய்வறிக்கையும் இருந்து, வருடத்துக்கு 3 பருவம் என்றால், பாடங்களுக்கே 4 வருடம் ஆகும். பதிவு எத்தனை வருடம் செல்லும் என்று விதிப்புத்தகத்தில் பாருங்கள்.

பாடம் தேர்வு செய்யும் முன் அலுவலக நாட்காட்டியைப் பக்கத்தில் வையுங்கள். காலாண்டுக் கணக்கு முடிப்பு, தணிக்கை, பெரிய டெலிவரி எதனோடாவது தேர்வு வாரம் மோதினால் அந்தப் பாடத்தை வேறு பருவத்துக்குத் தள்ளுங்கள். பாதியில் தடுமாறினால், விலகுவதற்கான கடைசித் தேதிக்குள் முடிவெடுப்பது முக்கியம். அது தாண்டினால் பல இடங்களில் ஃபெயில் என்றுதான் பதிவாகும்.

எண்சுவடி

தாழ்வாரம் சொல்வதில் ஒரு திருத்தம். இரண்டு பாடம் எடுக்கவே கூடாது என்றில்லை, எந்த இரண்டு என்பதைப் பொறுத்தது. நிறைய எழுத வேண்டிய இரண்டு பாடங்கள் சேர்ந்தால் அசைன்மென்ட் கெடு இரண்டும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். கணக்குப் போடும் பாடம் ஒன்று, எழுதும் பாடம் ஒன்று, இரண்டில் ஒன்றுக்குத் தேர்வே இல்லை என்றால் ஒரு பருவம் மட்டும் தாக்குப்பிடிக்கலாம். முதல் பருவத்தில் வேண்டாம்.

நிதிக்கு வருகிறேன். பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். லாபம் வேறு, பணம் வேறு என்பது முதலில் மண்டையில் ஏற வேண்டும். 60க்கு ரொக்கமாக வாங்கிய சரக்கை 100க்குக் கடனில் விற்றால் லாபம் 40. கையிருப்போ 60 குறைந்திருக்கும், வரவேண்டிய பாக்கி 100. இந்த ஒரு விற்பனை லாபநட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப்புழக்க அறிக்கை மூன்றிலும் எங்கே உட்காரும் என்று தாளில் எழுதிப் பாருங்கள். இப்படிப் பத்து நடவடிக்கைகள் எழுதிப் பார்த்தால் போதும், கணக்கியலில் பாதி பயம் போய்விடும்.

அடுத்தது நிகர இன்றைய மதிப்பு, அதாவது என்பிவி: பின்னால் வரப்போகும் பணத்தை ஒரு வட்டி விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டி, முதலீட்டைக் கழித்தால் மிஞ்சுவது. எக்ஸெலில் அதே பெயரில் இருக்கும் ஃபங்ஷன், முதலில் கொடுக்கும் தொகையை ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்று 1,000 முதலீடு, அடுத்த 4 வருடமும் வருடம் 400 வரவு, விகிதம் 10% என்றால் சரியான விடை ஏறத்தாழ 268. முதலீட்டையும் ஃபங்ஷனுக்குள்ளேயே போட்டால் 244தான் வரும். 4 வரவுகளை மட்டும் உள்ளே கொடுத்து, 1,000ஐ வெளியே கழிக்க வேண்டும். விடை நேர்மறையாகவே இருப்பதால் தப்பு கண்ணில் படாது, மதிப்பெண்தான் போகும்.

இன்னும் மூன்று இடங்களில் பொறியாளர்கள் வழுக்குவார்கள். தேய்மானம் ரொக்கச் செலவு அல்ல, வரி கணக்கிடக் கழித்துவிட்டுப் பிறகு திரும்பக் கூட்ட வேண்டும். மூலதனச் செலவு விகிதத்தில், அதாவது திட்டத்துக்குப் பணம் திரட்ட ஆகும் செலவின் சதவீதத்தில், வரவுகளை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும்போது வட்டியைத் தனியாகக் கழிக்கக் கூடாது, அது விகிதத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏற்கெனவே செலவாகிப்போன பணம், திட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் திரும்பாது, அதை முடிவுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

முத்திரைத்தாள்

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடும் வரி, எத்தனை வருடம் வேலையில் நீடிக்க வேண்டும் என்பதல்ல, அந்த வருடங்கள் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும் என்பது. கட்டணம் கட்டிய நாளா, பட்டம் கிடைத்த நாளா? "2 வருடம்" என்ற ஒரே சொல் இரண்டுக்கும் நடுவில் மிக நீளமாகிவிடும். இடையில் விலகினால் முழுத்தொகையா, கழித்த மாதங்களுக்கு ஏற்பக் குறையுமா? நிறுவனமே வேலையை விட்டு அனுப்பினால் திருப்பிக் கட்ட வேண்டாம் என்று எழுத்தில் இருக்கிறதா? மறுதேர்வுக் கட்டணம் யார் தலையில்? படிப்பு விடுப்பு எத்தனை நாள்? மேலாளர் வாய்மொழியாகச் சொன்னது மேலாளர் மாறும்வரைதான்.

ஆய்வறிக்கைக்கு உங்கள் நிறுவனத்தின் தரவைப் பயன்படுத்துவதாக இருந்தால் எழுத்துமூல அனுமதியும், பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும். ஒப்புதலுக்கு முன் எடுத்த பேட்டிகளைப் பொதுவாகச் சேர்க்க விடமாட்டார்கள்.

இரவுப்பறவை

நன்றி. 268, 244 இரண்டையும் போட்டுப் பார்த்தேன், அப்படியே வருகிறது. தேர்வு 3 மணி நேரம், 100 மதிப்பெண், கையெழுத்தில். நேரத்தை எப்படிப் பிரிப்பது?

எண்சுவடி

180 நிமிடம், மதிப்பெண்ணுக்கு 1.8. 20 மதிப்பெண் கேள்விக்கு 36 நிமிடம், அதில் 5 நிமிடம் வினாவைப் படித்துக் குறிப்பெடுக்க. 36 ஆனதும் பாதி வாக்கியமானாலும் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். கடைசிக் கேள்வியைத் தொடாமல் விடுபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். தேர்வுக்கு மூன்று வாரம் முன்பிருந்தே பேனாவால் எழுதிப் பழகுங்கள். கீபோர்டுக்குப் பழகிய கை முதல் மணி நேரத்திலேயே வலிக்க ஆரம்பித்துவிடும்.