"தண்ணிக்கு நீலம் எங்கேருந்து வந்தது, டீச்சர்?"

மூணாறில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சர். வாட்டர் கலர் பழக்கம் உண்டு. ஆயில் பெயின்ட் தொட்டது மூன்று வருஷத்துக்கு முன்புதான். எடுத்தவுடனே மாட்டுப்பட்டி ஏரி. அணை கட்டித் தேக்கிய தண்ணீர்தான், ஆனாலும் எங்களுக்கு அது ஏரி.

முதல் கேன்வாஸ் பாழாய்ப் போனது. எண்ணெய் அதிகம் சேர்த்த கலரை அடியில் பூசி, அதன்மேல் டர்பன்டைன் விட்டு இளக்கிய கலரை அடித்துவிட்டேன். மேலே காய்ந்துவிட்டது, அடியில் ஈரம். கொஞ்ச நாளில் மலைச்சரிவு முழுக்க மயிரிழை வெடிப்பு. ஆயில் கலரில் இருக்கிற லின்சீட் எண்ணெய் (ஆளிவிதை எண்ணெய்) தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுகிறது. அதனால் அடிப்பூச்சு மெலிசாக இருக்கணும், மேலே போகப்போக எண்ணெய் கூடணும். எங்கள் ஊர் ஜூலை மழைக் குளிரில் காய்வதற்கு இன்னும் நாள் பிடிக்கும்.

அடுத்த கேன்வாஸை ஜனவரியில் ஏரிக்கரைக்கே கொண்டுபோனேன். அங்கேதான் அந்த அண்ணாச்சி வந்தார். கடை போர்டு எழுதியே அறுபதைத் தாண்டியவர். தாத்தா காலத்தில் சங்கரன்கோவில் பக்கமிருந்து கொழுந்து கிள்ள வந்த குடும்பம். ரொம்ப நேரம் பின்னால் நின்றவர் கேட்டார்: "தண்ணிக்கு நீலம் எங்கேருந்து வந்தது, டீச்சர்?"

நிமிர்ந்து பார்த்தேன். மேகம் மூடிய காலை. தண்ணீரில் நீலம் பொட்டுக்கூட இல்லை. கரையோர கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) மரங்களின் கரும்பச்சையும் ஈயம் பூசின மாதிரி வானமும்தான் கிடந்தன. "அந்த நீலத்தைக் கொண்டுபோய் தூரத்து மலையில வைங்க" என்றார். வைத்ததும் மலை பின்னால் நகர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து மரங்களின் பிம்பம். நான் மேலே உள்ளதை அப்படியே தலைகீழாக வரைந்திருந்தேன். "நீங்க நின்னுக்கிட்டு பாக்குறீங்க, தண்ணி கீழேயிருந்து பாக்குது" என்று சொல்லி, தண்ணீர் விளிம்பில் என்னைக் குத்தவைத்து உட்காரச் சொன்னார். நிற்கும்போது மரங்களுக்கு மேல் தெரிந்த பின்மலை, அங்கிருந்து பார்த்தால் மரங்களுக்குப் பின்னால் பாதி மறைந்தது. தண்ணீரில் தெரிவது அந்தப் பார்வைதான். இருட்டான மரம் தண்ணீரில் ஒரு படி வெளுக்கிறது, வெளிச்சமான வானம் ஒரு படி மங்குகிறது என்பதையும் கைகாட்டிச் சொன்னார்.

டியூப் கறுப்பைத் தொடவிடவில்லை. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் குழைத்தால் உயிருள்ள இருட்டு வரும் என்றார், வந்தது. பிம்பத்தை மேலிருந்து கீழாக இழுத்து, ஈரம் காயுமுன்னே உலர்ந்த பட்டை பிரஷ்ஷைக் குறுக்கே ஒரே ஒரு தடவை, மூச்சை அடக்கி இழுத்தார். அவ்வளவுதான், பெயின்ட் தண்ணீராகிவிட்டது.

கிளம்பும்போது எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன். அதற்கு மட்டும் கோபப்பட்டார். லின்சீட் துணி குவிந்து கிடந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைக்கணும், இல்லையென்றால் வெளியே விரித்துக் காயப்போடணும். இன்றுவரை கொடியில்தான் விரிக்கிறேன்.

இப்போது மூன்றாவது கேன்வாஸ். தண்ணீர்மேல் தவழ்கிற காலை மூடுபனி எனக்கு இன்னும் கைவரவில்லை. ஈர பெயின்ட்மேல் வெள்ளையைத் தேய்த்தால் சேறாகிறது, காயவிட்டுத் தேய்த்தால் ஒட்டாமல் தனியாக நிற்கிறது. செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.