வாசகசாலைச் சுவருக்குப் பாலக்காட்டுப் பெரியோர்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): எங்கள் வாசகசாலைச் சுவரில் மாவட்டத்துப் பெரியோர் ஏழு பேரின் படங்களை மாட்டவிருக்கிறோம், ஆணியும் அடித்தாகிவிட்டது. கர்நாடக இசைப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர், எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதன், தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷன் ஆகியோர் முடிவான பின்னும், விளையாட்டுக்கும் அரசியலுக்கும் யாரென்பது இழுபறியாகவே உள்ளது.

பதில் 1 (சித்தூர்): 2017ஆம் ஆண்டு புவனேஸ்வர் ஆசியத் தடகளப் போட்டியில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற பி.யு. சித்ரா நம் மாவட்டத்துக்காரர். அரசியலுக்கு மங்கரை சங்கரன் நாயர்: 1897இல் காங்கிரஸ் தலைவராக இருந்தவர், ஜாலியன்வாலாபாக் படுகொலையைத் தொடர்ந்து 1919இல் வைசிராயின் நிர்வாகக் குழுப் பதவியைத் துறந்தவர்.

பதில் 2 (கல்பாத்தி): பாலக்காடு மணி ஐயரை எப்படி மறந்தீர்கள் ஐயா? மிருதங்கக் கலைஞர்களில் முதன்முதலாகச் சங்கீத கலாநிதி விருது பெற்றவர் அவர்தான். ஒலிபெருக்கி வைத்தால் நாதம் கெடும் என்று கச்சேரிகளையே தவிர்த்த பிடிவாதக்காரர். செம்பைக்குப் பக்கத்து ஆணியை அவருக்கே ஒதுக்குங்கள்.

கேள்வி கேட்டவர்: ஒப்புக்கொள்கிறேன். ஏழாவது ஆணி, டெல்லி மெட்ரோ ரயிலை உருவாக்கிய பொறியாளர் 'மெட்ரோ' இ. ஸ்ரீதரனுக்கு. சேஷனுடன் ஒரே பள்ளியில் படித்தவர் என்பதால் இருவரையும் அருகருகே மாட்டுகிறோம்.