படுத்திருக்கும் மாடு அசை போடவில்லை: பார்த்தவர்கள் எழுதுங்கள்

கறவைக்காரன்:
கன்று போட்ட மாடுகளுக்கு என் தம்பி அடர்தீவனத்தை (தானியம், பிண்ணாக்கு கலந்த மாவுத்தீவனம்) மடமடவென்று ஏற்றிவிட்டான். பால் கூடத்தான் செய்தது. பாலில் ஃபேட் (கொழுப்பு) 4 சதவீதத்திலிருந்து 2.8-க்கு இறங்கியதும், தண்ணீர் கலக்கிறோம் என்று பேச்சு வேறு. மத்தியானம் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தால் எல்லாம் படுத்திருக்கு, ஒரு தாடைகூட அசையவில்லை. அதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சாணி கூழாக, மேலே நுரைக்குமிழி, உள்ளே முழுசு முழுசாக மக்காச்சோளம்.

புல்லுக்கட்டு:
எங்கள் மாட்டுக்கும் இதே கதைதான், ஆனால் நார்த்தீவனமான தட்டைக்குக் குறைவே இல்லை! டாக்டர் இடது விலாவுக்குப் பின்னால் முஷ்டியை அழுத்தி நின்றார். நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது வயிறு புரண்டு கையைத் தள்ள வேண்டுமாம்; அசைவே இல்லை. பிறகு தொட்டியில் கையை விட்டு அள்ளினார். மிஷினில் தட்டை தவிடு மாதிரி அரைபட்டிருந்தது.

நாலுவயிறு:
ஃபேட் இறங்கினாலே நார் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள், கறவைக்காரன். தீவனத்தில் எண்ணெய் கூடினாலும் இறங்கும். மாடு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கும். வயிற்று அமிலத்தை முறிக்கிற உப்பு அதில்தான் இருக்கு. மாவுத்தீவனத்தையோ, மாவாக அரைத்த தட்டையையோ மென்று அசை போட வேண்டியதில்லை, அதனால் உமிழ்நீரும் ஊறாது. வயிற்றின் பிஹெச் (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்) 6-க்குக் கீழே போனால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் சுணங்கும், 5.5-க்குக் கீழே போனால் மாட்டின் உடம்பே கெட ஆரம்பிக்கும். ஆகவே முதலில் தட்டை, அப்புறம் மாவு. மாவையும் பிரித்துப் பிரித்து வையுங்கள். தீவனம் மாற்ற இரண்டு மூன்று வாரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையை ரொம்ப நீளமாகவும் வெட்டாதீர்கள், மாவை நக்கிவிட்டுத் தட்டையை ஒதுக்கும். படுத்திருக்கும் மாடுகளில் பாதியாவது அசை போட வேண்டும். சோடா உப்பு கொடுத்துச் சமாளிக்கலாம் என்பவர்களை நம்பாதீர்கள், அது தட்டைக்கு ஈடாகாது.

கறவைக்காரன்:
சோடா உப்பு பற்றி யார் கேட்டது? எண்ணெய்ப் பிண்ணாக்கு எதுவும் மாற்றவே இல்லை. அந்த மாடுகளில் ஒன்று இப்போது பின்னங்காலை நொண்டுகிறது. இதுவும் அந்த வயிற்றுக் கோளாறால்தானா?

புல்லுக்கட்டு:
இருக்கலாம். எங்களதும் வயிறு சரியாகி இரண்டு மாதம் கழித்துத்தான் நொண்டியது. குளம்பைச் சீவியபோது அடியில் ரத்தம் கட்டிய சிவப்புக் கறை.