கற்பூரவல்லி எண்ணெய்: பெங்களூர் அன்பர்களின் அனுபவங்கள்

மல்லேஸ்வரத்திலிருந்து ஓர் அன்பர்:

கற்பூரவல்லி எண்ணெய்க்குக் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் உண்மையிலேயே உண்டா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆய்வுக்கூடத்தில் அதைக் கையாண்டவன் என்பதால் எழுதுகிறேன். கிளெவெஞ்சர் கருவியில் இலையை நீருடன் கொதிக்கவைத்து ஆவியைக் குளிர்வித்தால், நீரின் மேல் மெல்லிய படலமாக எண்ணெய் மிதக்கும். கூடை நிறைய இலை போட்டாலும் கிடைப்பது சொற்பமே. அதன் நெடிக்கும் ஆற்றலுக்கும் பெரும்பாலும் காரணம் கார்வக்ரால், தைமால் என்னும் இரு ஃபீனால் வகைச் சேர்மங்கள். இரண்டிலும் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்களே உள்ளன, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சில் தொகுதி அமர்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு.

ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சோதனைக்கு டிபிபிஹெச் என்னும் ஊதாக் கரைசலைப் பயன்படுத்துவோம். ஃபீனால் தரும் ஹைட்ரஜனை ஏற்றதும் அதன் ஊதா வெளிறி மஞ்சளாகும். எவ்வளவு வெளிறியது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளப்போம். பார்க்க அழகான சோதனைதான். ஆனால் அது மெத்தனாலில் நிகழும் வினை. குடலையும் கல்லீரலையும் கடந்தபின் உடலுக்குள்ளும் அவ்வாறே நிகழும் என்பதற்கு அது சான்றாகாது.

பாக்டீரியா சோதனையில், எண்ணெய் தோய்ந்த 6 மி.மீ. வடிதாள் வில்லையைச் சுற்றி ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வளராமல் தெளிவான வட்டம் விழுந்தது, ஈ.கோலை தட்டில் வட்டம் சிறுத்தது. சூடோமோனாஸோ ஏறத்தாழப் பொருட்படுத்தவே இல்லை. பின்னிரண்டுக்கும் வெளிப்புறமாக இன்னொரு சவ்வு இருப்பதால் எண்ணெய் உள்ளே நுழைவது கடினம். நுழைந்துவிட்டால் உட்சவ்வு குலைந்து, செல்லுக்குள் இருக்கும் அயனிகள் கசிந்துவிடும். இருந்தாலும் வட்டத்தின் விட்டத்தை மட்டும் வைத்துப் பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பாக்டீரியாவை வளர்க்கும் ஆகார் என்னும் நீர்ப்பாங்கான கூழில் எண்ணெய் சரிவரப் பரவாது. மறுபுறம், ஆவியாகி மூடிக்குள்ளேயே சுழன்று கணக்கைக் குழப்பும். எண்ணெயை நீரில் கலக்கச் செய்யும் குழம்பாக்கி சேர்த்த திரவ ஊடகத்தில், வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு எது என்றும் பார்த்தாக வேண்டும்.

அல்சூரிலிருந்து ஓர் அம்மையார்:

ஐயா கூறியதை என் வீட்டு அனுபவத்தோடு பொருத்திப் பார்க்கிறேன். பேரனுக்குச் சளி பிடித்தால் இரண்டு இலையை வாட்டிப் பிழிந்து, தேன் கலந்து கொடுப்பது எங்கள் வழக்கம். அதனால் தொல்லை வந்ததில்லை. இலையே இவ்வளவு நல்லதென்றால் எண்ணெய் இன்னும் நல்லது என்று எண்ணிய என் மருமகள், கடையில் வாங்கியதை நீர்க்கச் செய்யாமல் குழந்தையின் நெஞ்சில் தடவ, தோல் சிவந்து எரிச்சல் கண்டது. குப்பியின் மேல் எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை. பல இலைகளின் ஃபீனால் ஒரு துளியில் திரண்டிருக்கிறது என்று தோல் மருத்துவர் விளக்கினார்.

பீன்யாவிலிருந்து, சிறு அளவில் சோப்புத் தயாரிக்கும் ஒருவர்:

ஒவ்வொரு முறை வாங்கும்போதும் எண்ணெயில் எந்தச் சேர்மம் எவ்வளவு என்று காட்டும் வாயு நிறச்சாரல் பகுப்பாய்வு அறிக்கையைக் கேட்டுப் பெறுகிறேன். ஒரே வியாபாரியிடம் வாங்கினாலும், பருவத்துக்கேற்பக் கார்வக்ரால், தைமால் விகிதம் மாறியே வருகிறது. இதைக் கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. ஓம எண்ணெயையும் பயன்படுத்துகிறேன்; அதில் தைமால் மிகுதி என்பதால் குளிர்காலத்தில் குப்பியின் அடியில் படிகம் தங்கும். வெந்நீரில் குப்பியை நிறுத்தினால் மீண்டும் கரையும். எதுவானாலும் பழுப்புக் கண்ணாடிக் குப்பியில், காற்றுக்கு அதிகம் இடம் விடாமல், விளிம்பு வரை நிரப்பி வைக்கிறேன். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் எண்ணெய்கூட, ஒளியும் காற்றும் பட்டால் தானே ஆக்சிஜனேறிக் கறுத்துப்போகிறது.