ஐந்து மணி நேரத் தூக்கம் சைக்கிள் ஓட்டுபவருக்குப் போதாதா?

மேடேறி: வாரத்தில் நாலு நாள் விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஓட்டுகிறேன். படுக்கப் பதினொன்றரை ஆகிவிடும். மிதிக்கும் பலத்தை வாட் கணக்கில் காட்டும் பவர் மீட்டரில் எண்கள் குறையவே இல்லை. போன பந்தயத்துக்கு முந்தின ராத்திரி மூன்று மணி நேரம்கூடத் தூங்கவில்லை. கடைசி ஸ்பிரிண்டில் வழக்கமான வாட் வந்தது. அப்புறம் எதற்கு எல்லோரும் 'எட்டு மணி நேரம் தூங்கு' என்று பயமுறுத்துகிறீர்கள்?

பின்சக்கரம்: ஸ்பிரிண்டை வைத்து அளந்தால் அப்படித்தான் தெரியும். பத்து விநாடி முழுப் பலத்தில் மிதிப்பதை ஒரு ராத்திரித் தூக்கக்குறைவு பெரிதாகப் பாதிக்காது. உடல் எடுத்துக்கொள்ளும் உச்ச ஆக்சிஜன் அளவும் அவ்வளவாக மாறாது. அடி விழுவது நீண்ட நேர முயற்சியில். அதே வாட், அதே இதயத்துடிப்பு, ஆனால் கஷ்டம் மட்டும் கூடுதலாகத் தோன்றும். சீக்கிரமே விட்டுவிடுவோம். ஒரு மணி நேர டைம் டிரையல், அதாவது கடிகாரத்தோடு போட்டிபோட்டுத் தனியாக ஓட்டும் ஓட்டத்தின் எண்களைப் போடுங்கள், பார்ப்போம்.

மேடேறி: அப்படியானால் கால் தளரவில்லை, மனசுதான் தளர்கிறது. பல்லைக் கடித்தால் போயிற்று! அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா' சைக்கிள் பந்தயத்தில் சுமார் 4,800 கி.மீ. ஓட்டுகிறார்கள். அதை ஐந்து முறை வென்ற யூரே ரோபிச் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போலத்தான் தூங்கினார்.

பின்சக்கரம்: ரோபிச் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. இல்லாத எதிரிகள் துரத்துவதாக வழியெல்லாம் மாயத்தோற்றம் கண்டவர் அவர். அந்தப் பந்தயத்தில் நீங்கள் தூங்கும்போதும் கடிகாரம் ஓடுகிறது. வேகம் குறைந்தாலும் விழித்திருப்பவனுக்கே லாபம். மூன்று மணி நேரத்தில் முடிகிற நம் பந்தயத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

இன்னொன்று. நீண்ட தூர வீரர்களை வைத்து 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. மூன்று ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியபின் ஓட்டிய டைம் டிரையல், வழக்கமான தூக்கத்துக்குப்பின் ஓட்டியதைவிட சுமார் 3% வேகமாக முடிந்தது. ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியபோது சுமார் 3% மெதுவாக.

மேடேறி: அதில் கலந்துகொண்டது ஒன்பதே பேர். அதோடு, தான் அதிகம் தூங்கினோமா குறைவாகத் தூங்கினோமா என்பது ஓட்டுபவருக்கே தெரியும். மாத்திரை ஆய்வு மாதிரி மறைத்துச் செய்யவா முடியும்? 'நன்றாகத் தூங்கினேன்' என்ற நம்பிக்கையே கொஞ்சம் வேகம் தந்திருக்கும்.

பின்சக்கரம்: அது நியாயமான கேள்விதான். ஒப்புக்கொள்கிறேன்.

இறக்கம்: ரெண்டு பேரும் வாட்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள். 40 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 11 மீட்டர் போகிறோம். மூன்று விநாடி கண் அசந்தால் 33 மீட்டர். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தாலே, ரத்தத்தில் 0.05% மது இருப்பவர் அளவுக்குச் சுறுசுறுப்பு மந்தமாகிவிடும் என்று அளந்திருக்கிறார்கள். இது எந்த பவர் மீட்டரிலும் வராது. ஒரு வாரம் சரியாகத் தூங்காமல் போய், வளைவில் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்து, காறை எலும்பை முறித்துக்கொண்டவன் நான். அன்றும் என் வாட் பிரமாதமாகத்தான் இருந்தது.

மேடேறி: அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நாலரைக்கு எழாவிட்டால் எனக்குப் பயிற்சியே கிடையாது. தூக்கத்துக்காகப் பயிற்சியை விடச் சொல்கிறீர்களா?

பின்சக்கரம்: நாலில் ஒன்றை விடுங்கள். பயிற்சியில் களைத்த தசை தேறுவதே தூக்கத்தில்தான். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பதும் ஆழ்ந்த தூக்கத்தில். பந்தயத்துக்கு முந்தின ராத்திரி பதற்றத்தில் தூக்கம் வராதது பாதிப்பேருக்கு உண்டு, அதை விட்டுத்தள்ளுங்கள். அதற்கு முந்தின வாரம் எப்படித் தூங்கினீர்கள் என்று பாருங்கள். அப்புறம், மாலைக் காபியையும் கவனியுங்கள். குடித்த காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

மேடேறி: செவ்வாய்க்கிழமை இன்டர்வலை, அந்த வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும் பயிற்சியை, விடமாட்டேன். வியாழன்... சரி, ஒரு மாதம் தூங்கிப் பார்க்கிறேன். டைம் டிரையல் எண்களை இங்கேயே போடுகிறேன். வாட் குறைந்திருந்தால் உங்களைச் சும்மா விடமாட்டேன்.