ஸ்கூட்டர மாத்துனா எண்ணெய் இறக்குமதி குறையுமா? கரண்ட்டும் நிலக்கரில இருந்துதானே வருது?

கோவில்பட்டிகாரன்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்ல பழைய பெட்ரோல் ஸ்கூட்டர் ஒண்ணு இருக்கு, இஞ்சின் வேலை வந்துருச்சு, அதுல மறுபடி காசு போடுறதுக்கு எலெக்ட்ரிக் வண்டியே எடுத்துரலாமான்னு பாக்குறேன். தினமும் எட்டயபுரம் வரைக்கும் போய்ட்டு வரணும், அவ்வளவுதான் ஓட்டம். செலவு குறையும்னு தெரியுது, ஆனா எனக்கு அது மட்டும் காரணம் இல்ல. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெய்ல 100க்கு 85க்கு மேல வெளிநாட்ல இருந்துதான் வருது, எங்கயோ சண்டை வந்தா இங்க விலை ஏறுது, இதுல நம்ம பங்கையாவது குறைக்கணும்னு ஒரு எண்ணம். எங்க மாமா ரொம்ப வருசம் லாரி ஓட்டுனவரு, அவரு "நீ வண்டிய மாத்துனா பெட்ரோலுக்கு பதிலா தூத்துக்குடில நிலக்கரி எரியும், லாரியெல்லாம் டீசல்லதான் ஓடும், ஒரு மாத்தமும் வராது"ன்னு அடிச்சு சொல்றாரு. அவரு சொல்றதுல எவ்வளவு உண்மை? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கயத்தாறு காத்து:
அண்ணே, நிலக்கரி கணக்க மொதல்ல முடிச்சிருவோம். பெட்ரோல் ஸ்கூட்டர் 45 மைலேஜ் குடுத்தா 100 கிலோமீட்டருக்கு 2.2 லிட்டர், அதுல வர்ற கார்பன் டை ஆக்சைடு 5 கிலோ. எலெக்ட்ரிக்ல சார்ஜ் ஏத்தும்போது வீணாகுறதையும் சேத்து 3.5 யூனிட் வச்சுக்கோங்க, அது முழுக்க முழுக்க நிலக்கரி கரண்ட்டுனே வச்சாலும் 3.5 கிலோ பக்கம்தான் வரும். நாடு முழுக்க சராசரி பாத்தா நாலுல மூணு பங்கு கரண்ட்தான் நிலக்கரி, அப்போ 2.5 கிலோ, அதாவது பாதி. காரணம் என்னன்னா பெட்ரோல் இஞ்சின் எரிக்கிறதுல முக்காவாசி சூடாவே போயிரும், மோட்டார்ல அந்த நஷ்டம் கிடையாது. அதுபோக நீங்க இருக்குறது காத்தாடிக்கு நடுவுல, வைகாசில இருந்து புரட்டாசி வரைக்கும் கயத்தாறு, ஆரல்வாய்மொழி பக்கம் போய் பாருங்க, தமிழ்நாட்டுல காத்தாலை மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல நிக்குது. சீசன் நேரத்துல வர்ற கரண்ட்ட முழுசா வாங்க முடியாம காத்தாலைய நிறுத்தச் சொன்ன நாளெல்லாம் உண்டு. மாமாகிட்ட இத சொல்லுங்க, காத்து எந்த நாட்டுல இருந்தும் கப்பல் ஏறி வரல.

மணலி வாசி:
மேல சொன்ன கணக்கு சரிதான், ஆனா கேள்வி கார்பன் பத்தி இல்ல, எண்ணெய் இறக்குமதி பத்தி. அதுல மாமா சொல்றத அப்படியே தள்ளிர முடியாது சார். நான் ரிஃபைனரி வேலைல இருந்தவன். நம்ம நாட்டுல செலவாகுற பெட்ரோலிய பொருள்ல டீசல் மட்டும் 100க்கு 40 பக்கம், பெட்ரோல் ஆறுல ஒரு பங்குதான். கச்சா எண்ணெய காய்ச்சினா கேஸ், பெட்ரோல், விமான எரிபொருள், டீசல், தார்னு எல்லாம் சேந்துதான் வரும், பெட்ரோல் மட்டும் வேணாம்னு ஒதுக்க முடியாது, மிச்சம் ஆனா கப்பல் ஏத்தி வித்துருவாங்க, டீசலுக்காக கச்சா எண்ணெய் வந்துக்கிட்டேதான் இருக்கும். அதனால லாரியும் பஸ்ஸும் மாறாம பேச்சு முடியாது. ஆனா அது நடக்கவே நடக்காதுன்னு மாமா சொல்றாரு பாருங்க, அங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன். ரயில பாருங்க, அகலப்பாதை கிட்டத்தட்ட முழுசும் கரண்ட்டுக்கு மாறிருச்சு, ஒரு காலத்துல நெறைய தடத்துல டீசல் இஞ்சின்தான் இழுத்துச்சு. சென்னைல 2025 ஜூன் கடைசில வியாசர்பாடி டிப்போல இருந்து 120 எலெக்ட்ரிக் பஸ் விட்டாங்க, ஒரு பஸ்ஸு ஒரு நாளைக்கு ஓடுற ஓட்டத்துக்கு அது மிச்சம் பண்ற எண்ணெய் பல ஸ்கூட்டருக்கு சமம். அப்புறம் அரசாங்கங்களோட வருமானமும் இருக்கு, மத்திய வரி மாநில வரி ரெண்டும் பெட்ரோல் விலைல பெரிய பங்கு, அந்த பணத்துக்கு வேற வழி பண்ணாம இத வேகமா விடுறதுக்கு யாருக்கு மனசு வரும்?

இன்னொண்ணும் சொல்லணும். 2017 ஜனவரில எண்ணூர் பக்கம் கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்போ கடல்ல இருந்து பக்கெட்ல அள்ளினாங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல மறுபடியும் எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய், மீனவங்க வலையும் படகும் போச்சு. அதே கழிமுகத்துலதான் அனல்மின் நிலைய சாம்பலும் வந்து சேருது. எங்க ஊர்க்காரனுக்கு பெட்ரோலும் வேணாம், நிலக்கரி கரண்ட்டும் வேணாம். வண்டி மட்டும் மாறினா பத்தாது, கரண்ட்டும் மாறணும்.

வடமராட்சியான்:
நான் யாழ்ப்பாணம். எண்ணெயில தங்கி இருக்கிறது எண்டா என்னெண்டு எங்களுக்கு 2022ல நல்லா விளங்கினது. ஜூன் கடைசியில அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எண்ணெய் எண்டு அரசாங்கம் அறிவிச்சுப்போட்டுது, பெட்ரோல் லீட்டர் 470 ரூவா, பிறகு கியூஆர் கோட் காட்டி அளவா வாங்கிற முறை வந்து மோட்டச்சைக்கிளுக்கு கிழமைக்கு 4 லீட்டர், ஓட்டோவுக்கு 5 லீட்டர். டொலர் இல்லாட்டி கப்பல் இறக்கேலாது, கப்பல் இறக்காட்டி பெட்ரோல் ஷெட்டில சனம் இரவிரவா நிக்கும். தொண்ணூறுகளில யுத்தகாலப் பொருளாதாரத்தடை நேரம் எங்கட அப்பாவையள் ஸ்டார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெட்ரோல் விட்டு, பிறகு மண்ணெண்ணெயில ஓடினவை, அதையும் பாத்த சனம் நாங்கள். ஆனா மணலி அண்ணை சொன்ன மாதிரி, 2022ல கரண்டும் ஒரு கட்டத்தில நாளைக்கு 13 மணித்தியாலம் நிண்டது, ஏனெண்டா மின்நிலையத்துக்கும் எண்ணெய் இல்லை. அப்ப எலெக்ட்ரிக் வண்டி வச்சிருந்தாலும் கூரையில சோலரும் பற்றரியும் போட்டவைதான் நிம்மதியா ஓடி இருப்பினம். எதியோப்பியா 2024ல பெட்ரோல், டீசல் கார் இறக்குமதியையே நிப்பாட்டினது, அவைக்கும் டொலர் பிரச்சினை, ஆனா சொந்த ஆத்துத்தண்ணியில மின்சாரம் இருக்குது. தம்பி, காசு இருந்தா வண்டியோட சேத்து சோலரையும் யோசிக்கவும்.

குமரி கரையோரம்:
எண்ணெய விட்டு வெளிய வர்றது நல்லது, அதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல. ஆனா மோட்டார்ல இருக்குற காந்தமும் பேட்டரி செல்லும் பெரும்பாலும் சீனாலேர்ந்துதான் வருது, 2025 ஏப்ரல்ல அவங்க அந்த காந்தம் செய்யத் தேவைப்படுற அரிய மண் உலோகத்துக்கும் காந்தத்துக்கும் கட்டுப்பாடு போட்டதும் இங்க வண்டி உற்பத்தியே அடி வாங்குச்சு. அதுக்காக இங்கயே எடுப்போம்னு சொன்னா அந்த உலோகம் கலந்த மணல் எங்க கடற்கரைலயும் இருக்கு, மணவாளக்குறிச்சில பல காலமா எடுக்குறாங்க, இப்போ கிள்ளியூர் தாலுகாவுலயும் பெரிய அளவுல எடுக்க திட்டம் வந்து ஊரே எதிர்த்து நிக்குது, கதிர்வீச்சு பயம், புற்றுநோய் பயம். காந்தமும் பேட்டரியும் பல வருசம் வரும், பிறகு மறுசுழற்சியும் பண்ணலாம், பெட்ரோல் எரிச்சா போனது போனதுதான், அந்த வித்தியாசம் எனக்கு புரியுது. ஆனா பழைய பேட்டரில இருந்து திரும்ப எடுக்குற தொழில மொதல்ல வளக்கணும், எங்க கரைய தோண்டுறத பிறகு பேசலாம்.

கோவில்பட்டிகாரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாமாகிட்ட படிச்சு காமிச்சேன், ரயில் விசயத்த கேட்டுட்டு கொஞ்ச நேரம் யோசிச்சாரு, ஆனா லோடு லாரி தூத்துக்குடில இருந்து டெல்லி போக எங்க நின்னு சார்ஜ் ஏத்தும்னு திருப்பி கேக்குறாரு. இன்னொரு சந்தேகம், எங்க வீட்ல ரெண்டு மாசத்துக்கு 450 யூனிட் ஆகுது, வண்டி வந்தா 500 தாண்டிருமா?

கயத்தாறு காத்து:
மாசம் 800 கிலோமீட்டர் ஓடுனா 28 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 56, அப்போ 506, தாண்டிரும். 500 தாண்டுனா கீழ இருக்குற யூனிட்டுக்கும் ரேட்டு கூடிரும், அந்த ஒரு பில்லுல பெட்ரோல்ல மிச்சம் பண்ணதுல ஒரு பங்கு போயிரும். ஏசியோ மோட்டாரோ எங்க குறைக்கலாம்னு பாருங்க, இல்லனா மாடில சோலர் போடுங்க, உங்க ஊர் வெயிலுக்கு சின்னதா போட்டாலே வண்டிக்கு தாராளமா வரும். லாரி கேள்விக்கு ஒரே மூச்சுல டெல்லி வரைக்கும் போற வண்டி இப்போதைக்கு டீசல்தான். தூத்துக்குடி துறைமுகத்துல இருந்து மதுரை வரைக்கும் போய்ட்டு ராத்திரி திரும்புற வண்டிய மொதல்ல மாத்தலாம், மாமா அந்த ரூட்ல ஓட்டியிருந்தா எந்த இடத்துல நிறுத்துனா சரியா இருக்கும்னு கேட்டு எழுதுங்க.